உரிமைப் பொண்ணு என்று பின்தொடரும் அத்தை மகனோடு குடும்பம் கூடிப் பேசலாமா?

கேள்வி: அக்கா எங்கள் அத்தை மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. அவள் வேலை செய்யும் இடத்துக்கு வெளியே அவன் காரில் காத்துக் கிடக்கிறான். "எனக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறான். கைத்துப்பாக்கி வேறு வைத்திருக்கிறான். சனிக்கிழமை ஆயா வீட்டில் கூடிப் பேசித் தீர்க்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். போகலாமா? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்:

சனிக்கிழமை போகவேண்டாம், தம்பி. அக்காவுக்குப் பதிலாக நீங்கள் போய்ப் பேசுவதும் வேண்டாம்.

நான் டர்பன் பக்கத்துக் கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது வேலை. என்னை மிகவும் திணறவைத்த சொல், உங்கள் அத்தை மகன் வாயிலும் இருக்குமே, அந்த 'உரிமைப் பொண்ணு'தான். கூண்டில் நிற்பவனிடம் கேட்பார்கள்: நிச்சயம் ஆகியிருந்ததா? இல்லை. பழகினீர்களா? இல்லை. பிறகு? "மாமன் மகள் ஐயா, என் உரிமைப் பொண்ணு." இதை நேராக ஆங்கிலத்தில் வைத்தால் சட்டப்படி ஏதோ பாத்தியதை இருந்தது போல ஆகிவிடும். வெறும் மாமன் மகள் என்றால் அவன் மனதில் இருப்பது வராது. கேட்டுப் பெறவேண்டிய ஒன்று என்றே அவன் அவளை நினைக்கவில்லை. தன் பொருளை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தான்.

எங்கள் வீட்டிலும் அந்தச் சொல் இருந்தது. 1986, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி. என் பெரியப்பா மகளையும் அத்தை மகனையும் தொட்டிலிலேயே முடிச்சுப் போட்டுவைத்தது ஆயா. அவள் தையல் ஃபாக்டரிக்குப் போகத் தொடங்கியபின் மாட்டேன் என்றுவிட்டாள். அவன் குடிகாரன் இல்லை. சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுப்பான், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். அவள் பஸ் ஸ்டாப்பில் தினமும் போய் நின்றதைக்கூட "பாவம், அவ்வளவு பாசம்" என்றார்கள். நானும்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டில் பேச்சு. "கடைசியாக ஒருதடவை நீயே அவனிடம் சொல்லிவிடு" என்று இருவரையும் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் முன்னறையில் துனீ சீட்டு ஆடிக்கொண்டிருந்தோம். ஒரு கை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆத்திரத்தில் கை மீறிவிட்டது என்று பிற்பாடு சொன்னான். கத்தி ஆயா வீட்டுக் கத்தி இல்லை, அவன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் என்ற குற்றவியல் ஆய்வாளர் 372 கொலைகளை எடுத்துப் பார்த்து இதையேதான் சொல்கிறார்: கண நேர ஆத்திரம் என்ற கதை நிற்பதில்லை, பின்தொடர்வது, மிரட்டுவது, மனதில் முடிவெடுப்பது, திட்டம் போடுவது என்று படிப்படியாக ஏறுகிறது. அவை பெரும்பாலும் கணவனோ காதலனோ செய்தவை, நம் 'முறை' கணக்கு அதில் இல்லை. ஆனாலும் படித்தபோது எனக்கு அந்தப் பின்கட்டுதான் நினைவுக்கு வந்தது. "கடைசியாக ஒருதடவை" என்பது நமக்குச் சமாதானம், அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அதற்கு நாமே இடமும் நேரமும் குறித்துக் கொடுத்தோம்.

அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாலும் குடும்ப விஷயம் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். இன்று அப்படி இல்லை. நம் நாட்டின் 1998ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இரத்த உறவும் திருமண உறவும் அடங்கும். உண்மையில் இல்லாமல், இருப்பதாக ஒருவர் கருதும் காதல் உறவுகூட அடங்கும். நான் ஆங்கிலத்தில் சொல்லத் திணறியதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் எப்படியோ பிடித்துவிட்டார்கள்.

அக்கா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆர்டருக்கு மனுப் போடலாம். அவள் எழுத்தில் சம்மதித்தால் அவளுக்காக நீங்களே போடலாம். அவனைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்பே இடைக்கால ஆர்டர் தரமுடியும். அதோடு ஒரு கைது வாரண்டும் எழுதி வைப்பார்கள். ஆர்டரை மீறினால் அதைக்கொண்டு பிடிக்கலாம். துப்பாக்கியைப் பறிமுதல் செய்யச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மனுவில் முதலில் எழுதவேண்டியது அந்தத் துப்பாக்கியைத்தான். குரல் செய்தி ஒன்றையும் அழிக்கவேண்டாம். அவன் கார் நின்ற நாள், நேரம் எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அவசரம் என்றால் 10111. ஆலோசனை கேட்க 0800 428 428, எந்நேரமும் எடுப்பார்கள்.

அத்தைக்குச் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போவதா என்று அம்மா அழுவார்கள். அழட்டும். ஆர்டர் கையில் வந்தபிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். அந்தக் காகிதம் அவன் கைக்குப் போய்ச் சேரும் நாளிலும், அதற்குப் பின் சில வாரங்களும், அக்கா வழக்கமாகத் தங்கும் வீட்டில் இருக்கக்கூடாது. எங்கே இருக்கிறாள் என்பது ஆயாவுக்குத் தெரியவேண்டாம்.