ரிவர்ஸ் விழாத பேக்ஹோ

கேள்வி: வாய்க்கால் தூர்வாரப் போனதிலிருந்து எங்கள் பழைய பேக்ஹோவில் (மண் தோண்டும் வண்டி) ரிவர்ஸ் சில நேரம் விழுவதில்லை, ஃபார்வர்டு சரியாக இருக்கிறது. கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரிக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. விட்டு விட்டு வரும் கோளாறு பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்டது. கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தால் பாரம் ஏற ஏற வழுக்கும்.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பக்கெட்டைத் தரையில் ஊன்றுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். அது போட்டிருந்தால் பல வண்டிகளில் சாலினாய்டுக்கு (கரண்ட் வந்ததும் கியர்பாக்ஸின் ஆயில் வால்வை இயக்கும் காயில்) கரண்ட் போகாது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு லீவரை மாற்றுங்கள். ஃபார்வர்டு, ரிவர்ஸ் இரண்டிலும் கியர்பாக்ஸ் மேல் சாலினாய்டின் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும்.

ரிவர்ஸில் கேட்கவில்லையா? சாலினாய்டின் ஒயர் பிளக்கைக் கழற்றாமல், பின்புறமாக மீட்டர் முனையைச் செருகி வோல்ட் அளந்து பாருங்கள். கழற்றி அளந்தால் களிம்பேறிய இணைப்பும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயர், லீவர் சுவிட்ச், எர்த் மூன்றையும் பாருங்கள். வோல்ட் முழுதாக வந்தும் சத்தமில்லையென்றால் ஃபார்வர்டு, ரிவர்ஸ் காயில் இரண்டின் ஓம் (மின்தடை) அளவையும் ஒப்பிடுங்கள். ஒரே பார்ட் நம்பர் என்றால் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

நம் டெல்டாச் சேற்றில் முதல் சந்தேகம் பிளக் மேல்தான். சேற்றைப் பிரஷர் தண்ணீரால் அடிக்கும்போது பழைய ரப்பர் சீல் வழியே நீர் இறங்கி, பிளக்கின் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு பூக்கும். கான்டாக்ட் கிளீனரும் நைலான் பிரஷ்ஷும் போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போய்விடும். தளர்ந்த பின்னையும் சீலையும் மாற்றிவிடுங்கள்.

'டிக்' கேட்டும் வண்டி நகராவிட்டால் ஆயில் அளவையும், வால்வில் ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) சிக்கியிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே கியர்பாக்ஸில் கை வையுங்கள்.