முற்றத்தை மூடி மாடி எழுப்பலாமா?

வணக்கம் ஐயா. புதுச்சேரித் தமிழர் பகுதியிலுள்ள தங்கள் ஒற்றைத் தளப் பூர்வீக வீட்டின் முற்றத்தை மூடி, மெட்ராஸ் டெரஸ் கூரைமேல் இரண்டு தளங்கள் எழுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மரக்கட்டைகள்மேல் செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த அந்தக் கூரை புதிய தளங்களைச் சுமக்கக் கட்டப்பட்டதன்று. உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் இருக்கும் கூரைக்கே ஆபத்து. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியபோது, எங்கள் வீட்டில் முற்றம்தான் தாழ்வாரத்து நீரை வாங்கி வெளியேற்றியது. பழங்கட்டடம் அறிந்த கட்டமைப்புப் பொறியாளரிடம் முதலில் காட்டுங்கள். பிறகு பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையையும் நகர அமைப்புக் குழுமத்தையும் அணுகலாம். புதுப்பிப்புக்காக 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதியையும் அதற்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.