வலிக்கவில்லையா? அதனால்தான் இன்றே கிளம்பச் சொல்கிறேன்

"அப்பாவுக்கு 67 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. கொரோனா காலத்திலிருந்து ஆப் வழியாக வீடியோவில்தான் டாக்டரைப் பார்க்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் அனுப்பினால் மருந்துச் சீட்டு வந்துவிடும். இப்போது எனக்கு நிறையச் சந்தேகம். வீட்டு மெஷினில் 142, அதே நேரம் லேபில் 158. எது சரி? அவர் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் தூக்கத்தில் நாடித் துடிப்பு 54 என்று காட்டுகிறது. இத்தனை வருடம் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி கெடாதா? வீடியோ டாக்டர் தரும் சீட்டு சட்டப்படி செல்லுமா? வலது கால் பெருவிரலுக்கு அடியில் கால் ஆணி மாதிரி ஒன்று வந்து மூன்று வாரமாக லேசாகக் கசிகிறது. வலி இல்லை என்கிறார். கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டினார். ஆப்பில் போட்டோ போட்டோம், ஆயின்ட்மென்ட் தடவச் சொல்லிப் பதில் வந்தது. நெட்டில் ஏதோ படங்களைப் பார்த்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. வீடியோவை நம்பி இருந்தது தப்பா டாக்டர்?"
– வாசகி, செம்பூர், மும்பை

நீங்கள் கேள்விக்குறி போடாமல் எழுதிய அந்தக் கால் ஆணிக்குத்தான் முதல் பதில். மற்றவை காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

அப்பாவின் காலை எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அந்த வார்த்தையை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை, அதனால் நானே எழுதிவிட்டேன். மூன்று வாரப் புண்ணை இப்போதே கவனித்தால் பெரும்பாலும் அந்த நிலைமை வராது. 'இப்போதே' என்று நான் சொல்வது இன்று சாயங்காலம், தவறினால் நாளைக் காலை. அடுத்த மாத வீடியோ அப்பாயின்ட்மென்ட்டுக்காக இதை வைத்திருக்காதீர்கள்.

வலி இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாகியிருக்கும். எனக்கு அங்கேதான் பயம். ஒரு வாரம் கசிந்தாலே புண்ணுக்கு வலிக்க வேண்டும், உள்ளங்காலில் என்றால் நொண்ட வைக்க வேண்டும். செருப்புக்குள் ஒரு சின்னக் கல் புகுந்தால் நீங்களும் நானும் நாலு எட்டுக்குள் உதறிவிடுவோம். 18 வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குக் கல் இருப்பதே தெரியாது. அந்த இடத்திலேயே அழுத்தி அழுத்தி நடப்பார். தோல் தடித்துக் காய்ப்பாகும். நாளாக ஆக அந்தக் காய்ப்பே உள்ளே அழுத்தும் கல்லாகிவிடும். அதன் அடியில் ரத்தம் கசிந்து, சதை நைந்து, குழி விழும். வெளியே பார்த்தால் பட்டாணி அளவு, பிளேடால் காய்ப்பைச் சீவிப் பார்த்தால் உள்ளே எட்டணா அளவு. நீங்கள் கால் ஆணி என்று நினைப்பது பல நேரம் இப்படி ஒரு மூடி போட்ட புண்தான். சர்க்கரையால் கால் இழந்தவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் ஆரம்பம் இப்படி ஒரு சாதாரணப் புண்தான்.

இனி அந்தப் பிளாஸ்திரி. கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. தோலை அரித்துக் கரைப்பதுதான் அதன் வேலை. உணர்வு இருப்பவர் எரிந்ததும் பிய்த்து எறிவார். உங்கள் அப்பாவுக்கு அது நல்ல தோலையும் சேர்த்து அரித்தாலும் தெரியாது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், சர்க்கரை நோயாளிகள் உபயோகிக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் பெரும்பாலும் போட்டிருக்கும். பத்து ரூபாய்ச் சாமான், ஆனால் என் அனுபவத்தில் அது கெடுத்த கால்களைக் கணக்கெடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். போன தடவை பல்லுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை டப்பாவில் மிச்சம் இருக்கும், அதையும் ஆரம்பித்துவிடாதீர்கள். அரைகுறை ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லாது. நாளைக்குச் சீழை எடுத்து லேபுக்கு அனுப்பினால் என்ன கிருமி என்று தெரியாதபடி குழப்பி மட்டும் விடும்.

நேரில் பார்க்கும் டாக்டர் என்ன செய்வார்? காய்ப்பைச் சீவிப் புண்ணின் உண்மையான அளவைப் பார்ப்பார். மழுங்கின கம்பி ஒன்றை மெல்ல உள்ளே விட்டு எலும்பில் தட்டுகிறதா என்று பார்ப்பார். தட்டினால் எலும்புக்குள் கிருமி போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 'தொடுகிறதா?' என்று சொல்லச் சொல்வார். பாதத்தின் மேல்புறமும் கணுக்காலின் உள்பக்கமும் விரல் வைத்து நாடி பார்ப்பார். நாடி இல்லையென்றால் ரத்த ஓட்டமே குறைவு, அது வேறு கதை, வேறு டாக்டர். எக்ஸ்ரே எடுப்பார். முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று கேட்டால் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள், எலும்பில் ஏறின கிருமி படத்தில் தெரிய அவ்வளவு நாள் ஆகும். இதெல்லாம் முடிய கால் மணி நேரம் போதும். எக்ஸ்ரே தவிர எல்லாம் கையால் செய்கிற வேலை. எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அதற்குக் கை கிடையாது. மூக்கும் கிடையாது. சில புண்களை நான் கதவருகிலேயே வாசனையில் கண்டுபிடித்திருக்கிறேன்.

வீடியோவைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் வாரத்தில் மூன்று நாள் வீடியோவில் உட்காருகிறவன்தான். டோம்பிவிலியிலிருந்து ஒரு பாட்டியை லோக்கல் ரயிலில் ஏற்றி, தாதரில் கூட்டத்தோடு தள்ளி இறக்கி, என் எதிரில் உட்கார வைத்து, 'ரிப்போர்ட் நல்லா இருக்கு, அதே மாத்திரை' என்று திருப்பி அனுப்பிய பாவம் எனக்குண்டு. அந்தப் பாவத்தை வீடியோ குறைத்திருக்கிறது. இன்சுலின் இரண்டு யூனிட் ஏற்றுவது, ரிப்போர்ட் படிப்பது, பழகின மருந்தைத் தொடர்வது, ஊரில் இருக்கும் அம்மாவையும் மும்பையில் இருக்கும் மகனையும் ஒரே திரையில் வைத்துப் பேசுவது எல்லாம் அதில் தாராளமாக நடக்கும்.

ஆனால் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். 2021 மழைக்காலம். ஆன்டாப் ஹில்லில் இருந்து ஒரு பெரியவர், என் பழைய நோயாளி, வீடியோவில் வந்தார். எண்கள் எல்லாம் பிரமாதம். "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கு டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே போனை ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் வேட்டியை விலக்கிக் காட்டினார். பாதத்தின் மேல்புறம் பளபளவென்று தெரிந்தது. சரி என்று சீட்டு எழுதிவிட்டேன். பத்து நாள் கழித்து மகன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். குதிகாலில் குழி. தன் குதிகாலைத் தானே கேமராவுக்குக் காட்ட அறுபது வயதுக்கு மேல் யாரால் வளைய முடியும்? எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. கால் பிழைத்தது, ஆனால் ஆற நான்கு மாதம் ஆனது. அதிலிருந்து என்னிடம் வரும் சர்க்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் வந்து செருப்பைக் கழற்ற வேண்டும். பாதம் மரத்தவர்கள் இரண்டு மூன்று முறை. இல்லாவிட்டால் வீடியோவில் என்னிடம் சீட்டு கிடையாது.

தொலைவிலிருந்து பாதம் பார்க்கவே முடியாதா என்றால், முடியும். சூனாம்பேடு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நாளில், அதன் பக்கத்துக் கிராமங்களுக்குச் சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் ஒரு வேன் அனுப்பியது. இஸ்ரோவின் சாட்டிலைட் இணைப்போடு போன வேன் அது. டாக்டர் இருந்தது சென்னையில். ஆனால் வேனில் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா, பாத உணர்வை அளக்கும் கருவி, ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர், அதையெல்லாம் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் எல்லாம் இருந்தது. நோயாளியின் காலைத் தொட ஒரு கை அங்கே இருந்தது. உங்கள் வீட்டு ஹாலில் இருப்பது ஒரு போன் மட்டும்தானே.

போட்டோவுக்கு வந்த பதில் யார் கொடுத்தது என்று பார்த்தீர்களா? டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் இருந்ததா, இல்லை ஆப் தானாகவே எழுதியதா? 2020 மார்ச் 25-ல் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ விதிகள், செயற்கை நுண்ணறிவில் ஓடும் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனையோ மருந்தோ சொல்லக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. டாக்டருக்கு அது துணை செய்யலாம், டாக்டராக முடியாது. பெயர் இல்லாமல் வந்த பதில் என்றால் அதை அப்படியே அழித்துவிடுங்கள். ஒரு டாக்டர்தான் எழுதினார் என்றால், 18 வருடச் சர்க்கரை என்பதை அவர் பார்த்தாரா என்று கேளுங்கள்.

மற்ற கேள்விகளை வேகமாக முடித்துவிடுகிறேன். 142-ம் 158-ம் ஒன்றுதான். வீட்டு மெஷின் லேபைவிட 15 சதவீதம் வரை ஏறி இறங்கலாம், அதற்காக மெஷினை மாற்ற வேண்டாம். தூக்கத்தில் 54 சாதாரணம். மயக்கமோ தலைசுற்றலோ இல்லாதவரை அந்த வாட்சை ராத்திரி கழற்றி வைத்தால் அவரும் தூங்குவார், நீங்களும் தூங்குவீர்கள். கிட்னியைக் கெடுப்பது மாத்திரை அல்ல, அடங்காத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். வருடம் ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்தால் போதும். சீட்டு செல்லும். டாக்டரின் பெயர், பதிவு எண், கையெழுத்து இருந்தால் அதை வைத்து மருந்துக் கடையில் வாங்கலாம். போதை வகை மருந்துகளையும் அதுபோல் கடும் கட்டுப்பாட்டில் இருக்கும் சிலவற்றையும் மட்டும் இப்படி எழுதக் கூடாது. நெட்டில் பார்த்த படங்கள் மாதக்கணக்கில் யாரும் பார்க்காமல் விட்ட கால்கள். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், மூன்றாவது வாரத்திலேயே எழுதியும் கேட்டுவிட்டீர்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, காஸ் வைத்து மூடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு அவருக்குத் தெரியாது, கொப்புளம்தான் மிஞ்சும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். முடிந்தவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். இந்தப் புண்ணுக்கு மருந்தைவிடப் பெரிய சிகிச்சை அழுத்தத்தை எடுப்பதுதான். ஒரு வேளை கட்டு போட்டு ஆறு வாரம் நடக்காதே என்பார்கள், அப்பா முறுக்கினால் இந்தப் பாராவைப் படித்துக் காட்டுங்கள். செட்டா நகர் முருகனைக் கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே கும்பிடச் சொல்லுங்கள். அக்டோபர் வெயிலில் கோவில் படிக்கல்லில் வெறுங்காலோடு நின்று உள்ளங்கால் முழுக்க வெந்துபோனது தெரியாமல் வீட்டுக்கு வந்து காபி குடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மழையில் கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் இறங்குவதும் கூடாது. அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி நுழைய இப்படி ஒரு திறந்த புண் போதும்.

இதற்குள் பாதம் வீங்கினாலோ, சிவப்பு புண்ணைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ, காரணமே இல்லாமல் சர்க்கரை எகிறினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். நடுராத்திரி என்றாலும் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். செம்பூரிலிருந்து சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். அந்த அவசரம் இல்லையென்றால் பகலில் சர்ஜரி ஓ.பி.டி.யில் கேஸ் பேப்பர் (புறநோயாளிச் சீட்டு) எடுத்துக் காட்டலாம், அல்லது பாதத்துக்கென்றே பார்க்கும் சர்க்கரை டாக்டரிடம் போகலாம். வரிசை நீளமாக இருக்கும், ஒரு நாள் லீவு போடுங்கள்.

கட்டு கட்ட ஆரம்பித்த பிறகு வீடியோவுக்குத் திரும்பி வரலாம். அப்போது போட்டோ உதவும். ஜன்னல் ஓரம் அவரைப் படுக்க வைத்து, நீங்கள் போனைப் பிடியுங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு, எல்லாம் தனித்தனியாக. புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்தால் வாராவாரம் சுருங்குகிறதா என்று ஒப்பிட முடியும். ஃபிளாஷ் வேண்டாம், எல்லாப் புண்ணையும் அது ஒரே வெள்ளையாக்கிவிடும்.

ஒன்று மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பா தினமும் போடும் செருப்பையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். வீட்டுச் செருப்பு, வெளிச் செருப்பு இரண்டையும். நான் முதலில் அதற்குள்தான் கையை விட்டுப் பார்ப்பேன். போன வருடம் ஒரு ரிடையர்டு ரயில்வேக்காரரின் செருப்பின் அடியிலிருந்து ஒரு டிராயிங் பின்னை உருவி எடுத்தேன். எத்தனை நாளாக அது குத்திக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.