ஒளிரும் உடைகள்: கேள்வி பதில்

பேட்டரி வைத்தது, இருட்டில் தானாக மின்னுவது என எல்லாவற்றையும் ஒளிரும் துணி என்றுதான் விற்கிறார்கள். எல்லாம் ஒன்றா சார்?

இல்லை. நான்கு வகை உண்டு. துணிமேல் எல்.இ.டி. தைத்தது முதல் வகை. இரண்டாவது இ.எல். ஒயர்: செம்புக் கம்பியைச் சுற்றிச் செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடு பூச்சு இருக்கும், அதன்மேல் மெல்லிய கம்பி ஓடும், இவற்றுக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால் பூச்சு ஒளிரும். மூன்றாவது பிளாஸ்டிக் ஒளியிழை. இதில் மின்சாரம் ஓடாது. ஓரத்தில் இருக்கும் விளக்கின் ஒளி மட்டும் இழைக்குள் போகும். நான்காவது, வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் விடும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூச்சு. அதற்குப் பேட்டரியே வேண்டாம்.

வாங்கும்போது "எவ்வளவு பிரகாசம்?" என்பதைவிட "மின்சாரம் எப்படிப் போகிறது, இணைப்பு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். விளக்கு கெட்டுப்போவது அபூர்வம். மெத்தென்ற துணியும் கெட்டியான பாகமும் சேரும் இடம்தான் முதலில் விட்டுப்போகும்.

அண்ணா, பொண்ணோட ஆண்டு விழாப் பாவாடையில வெள்ளை எல்.இ.டி. 8 வச்சு, ஸ்டீல் நூலால தச்சிருக்கேன். ஒரு 2032 பட்டன் செல். முதல் ரெண்டு நல்லா எரியுது, கடைசி மூணு எரிஞ்சும் எரியாம இருக்கு. எல்.இ.டி. மட்டமானதா?

எல்.இ.டி.மேல் தப்பில்லை, நூலின் மின்தடைதான் காரணம். கடையில் கிடைக்கும் மூன்று புரி ஸ்டீல் நூலுக்கு அடிக்குச் சுமார் 10 ஓம். பாவாடை விளிம்பில் 4 அடி ஓடினால் போக 40, வர 40, ஆக 80 ஓம். அதில் 5 மில்லி ஆம்பியர் போனாலே 0.4 வோல்ட் நூலில் கரைந்துவிடும். வெள்ளை எல்.இ.டி. ஒழுங்காக எரிய 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். செல் கொடுப்பதே 3 வோல்ட், சுமை ஏறினால் அதுவும் இறங்கும். கடைசி விளக்குக்கு மிச்சம் எதுவும் இல்லை.

பிரிக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாசிட்டிவ் கோட்டைப் பாவாடையின் இடது முனையிலிருந்தும் நெகட்டிவ் கோட்டை வலது முனையிலிருந்தும் பேட்டரிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது எந்த விளக்குக்கும் போகும் தூரமும் வரும் தூரமும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், வெளிச்சமும் பெரும்பாலும் சமப்படும். அதே கோட்டின்மேல் இன்னொரு ஓட்டு தைத்தால் மின்தடை பாதியாகும்.

பிரித்துத் தைக்கத் தயார் என்றால் பட்டன் செல்லையே விட்டுவிட்டு மூன்று ஏஏஏ செல் போடுங்கள், 4.5 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனியாக 100 ஓம் ரெசிஸ்டர் போடவேண்டும். 2032 செல்லின் 220 மில்லி ஆம்பியர்-மணி என்ற கணக்கு மிகச் சிறிய மின்னோட்டத்துக்குத்தான் பொருந்தும். 8 விளக்கை அதன் தலையில் கட்டினால் அதில் பாதிகூடத் தேறாது.

சிவப்பையும் நீலத்தையும் ரெசிஸ்டர் இல்லாமல் ஒரே கோட்டில் கலக்காதீர்கள். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். அது மின்னழுத்தத்தை அங்கேயே பிடித்து நிறுத்திவிடும், நீலம் எரியவே எரியாது.

குழந்தை உடை என்பதால் இன்னொன்று: பட்டன் செல் இருக்கும் பை தைத்து மூடியதாகவோ திருகு போட்டதாகவோ இருக்கட்டும். விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்திலேயே தீவிரமான புண்ணை உண்டாக்கும். ஏஏஏ செல்லுக்கு மாறச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வெள்ளி நூல், ஸ்டீல் நூல், எது நல்லது? தையல் மிஷினில் போடலாமா?

வெள்ளி பூசிய நைலான் நூல் மென்மையானது, மிஷினுக்கும் இணங்கும். ஆனால் வியர்வை பட்டு நாளாவட்டத்தில் கறுக்கும், மின்தடையும் ஏறும். ஸ்டீல் கறுக்காது. அதன் தொல்லை வேறு: முடிச்சு தானாக அவிழும், நுனி சிலும்பும். சிலும்பிய ஒரு மயிரிழை பக்கத்துக் கோட்டைத் தொட்டால் ஷார்ட். ஸ்டீல் நூலைச் சாதாரண சால்டர் பிடிக்காது. முடிச்சுப் போட்டு, இறுக்கி, துணிப் பசை ஒரு சொட்டு வைத்து, காய்ந்த பிறகு நுனியை ஒட்ட வெட்டவேண்டும். பசைக்குமுன் வெட்டினால் அவிழ்ந்துவிடும்.

மிஷினில் போடுவதென்றால் கடத்தும் நூலைப் பாபினில் சுற்றுங்கள், மேல்நூல் சாதாரண பாலியஸ்டராக இருக்கட்டும். ஊசி வழியாகப் போட்டால் உரசி உரசி அறும். தைத்து முடித்ததும் எல்.இ.டி. வைப்பதற்கு முன்பே இரண்டு கோடுகளுக்கும் நடுவே மல்டிமீட்டரை மின்தடை அளவில் வையுங்கள். எண் எதுவும் வரக்கூடாது. வந்தால் எங்கோ தொடுகிறது.

திருப்பூரில் பனியன் துணியில் மாதிரி செய்கிறோம். போட்டுக் கழற்றினால் கோடு அறுந்துபோகிறது.

பின்னலாடை நீளும், ஸ்டீல் நூல் நீளாது. நேர்த்தையல் போட்டால் முதல் இழுப்பிலேயே ஒன்று நூல் அறும், இல்லையென்றால் துணி சுருங்கி நிற்கும். ஜிக்ஜாக் தையல் போடுங்கள். துணி அதிகபட்சம் எவ்வளவு நீளுமோ அதைத் தாங்கும் அளவுக்கு நூல் நீளம் வேண்டும். 20 செ.மீ. துணி 26 செ.மீ. வரை இழுபடும் என்றால், அந்த 20 செ.மீ.க்குள் குறைந்தது 26 செ.மீ. நூல் போயிருக்கவேண்டும். எல்.இ.டி. உட்காரும் இடத்தில் மட்டும் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக ஃப்யூசிங் (துணியை விறைப்பாக்கும் ஒட்டுத்துணி) ஒட்டி அந்த இடத்தை நீளாமல் நிறுத்துங்கள். முழுக் கோட்டுக்கும் ஒட்டினால் அது பனியனே இல்லை.

அதைவிட முக்கியம், கோடு போகும் இடம். தோள்பட்டை, முதுகின் நடு, பக்கத் தையல் இவை அதிகம் அசையாது. முழங்கை, அக்குள் வழியாக எதையும் கொண்டுபோகாதீர்கள்.

நடனக் குழுவுக்கு 100 பிக்ஸல் (தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் எல்.இ.டி.) வைத்த உடை. நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812பி வகை. மேடையில் திடீரென்று பாதி உடை அணைகிறது, சில நேரம் கண்டபடி மின்னுகிறது. என்ன பார்க்கவேண்டும் சார்?

இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

பாதி அணைவது: இந்த வகையில் தரவு, அதாவது என்ன நிறம் காட்டவேண்டும் என்ற கட்டளை, ஒரு பிக்ஸலிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகிறது. எரியும் கடைசிப் பிக்ஸலுக்கும் எரியாத முதல் பிக்ஸலுக்கும் நடுவே உள்ள இணைப்பைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது அங்கேதான். பட்டையாக வரும் ஸ்ட்ரிப்பில் அரை மீட்டருக்கு ஒருமுறை சால்டர் ஒட்டு இருக்கும், மடங்கினால் அங்கே செம்பு விரிசல் விடும். ஸ்ட்ரிப் ஒரு திசையில்தான் வளையும். முறுக்கினாலோ பக்கவாட்டில் வளைத்தாலோ தாங்காது. ஆடுகிறவர் உடம்பு எல்லாத் திசையிலும் முறுகும். அதனால் ஒயரில் தனித்தனியாகக் கோத்த பிக்ஸல் சரம் வாங்குங்கள். இணைப்புக்கு 26 கேஜ் சிலிக்கோன் உறை ஒயர் நல்லது, மீட்டருக்கு 0.13 ஓம்தான். இங்கே கடத்தும் நூலை நினைக்கவே வேண்டாம்.

கண்டபடி மின்னுவது: 5 வோல்ட்டில் ஓடும் பிக்ஸல், தரவுக் கோட்டில் 3.5 வோல்ட் வந்தால்தான் அதை "ஒன்று" என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். பிக்ஸலுக்குக் கட்டளை அனுப்பும் இஎஸ்பி32 போன்ற போர்டுகள் கொடுப்பது 3.3. மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஓடிவிடும், மேடையில் சூடேறினால் பிசகும். நடுவில் அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் 74ஏஹெச்சிடி125 சிப் போட்டால் தீரும். அல்லது பிக்ஸல்களை லித்தியம் செல்லிலிருந்தே நேராக ஓட்டலாம். முழு சார்ஜில் 4.2 வோல்ட், அப்போது தரவுக் கோட்டில் தேவை 2.94தான். செல் இறங்க இறங்க நீலம் மங்கும், அதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். முதல் பிக்ஸலுக்கு முன் தரவுக் கோட்டில் 330 ஓம் ரெசிஸ்டர், மின் கோட்டில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், போர்டுக்கும் பிக்ஸலுக்கும் பொதுவான கிரவுண்ட், இந்த மூன்றும் கட்டாயம். 50 பிக்ஸலுக்கு ஒருமுறை மின்சாரத்தைப் புதிதாகக் கொடுங்கள்.

மின்கணக்கு: முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர் வரை என்று வைத்துக்கொண்டால் 100 பிக்ஸலுக்கு 6 ஆம்பியர், அதாவது 30 வாட். உடம்போடு ஒட்டிய துணியில் அது அடுப்பு. பிரகாசத்தை 20 சதவீதத்துக்கு இறக்கி ஒரே நிறம் காட்டினால் 400 மில்லி ஆம்பியர். மேடை இருட்டில் கண்ணுக்குக் குறையாகவே தெரியாது. எரியாத பிக்ஸலும் ஒன்றுக்குச் சுமார் 1 மில்லி ஆம்பியர் தின்னும், அதற்கு இன்னொரு 100. ஆக அரை ஆம்பியர். 10000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதிய பவர் பேங்க் 5 வோல்ட்டில் உண்மையாகக் கொடுப்பது 6000 சொச்சம், பன்னிரண்டு மணி நேரம் ஓடும். எல்லாவற்றையும் அணைத்து வைத்தால் சில பவர் பேங்குகள் ஆள் இல்லை என்று நினைத்துத் தாங்களே நின்றுவிடும். இடைவேளைக்குப் பிறகு உடை எரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இ.எல். ஒயரில் 100 வோல்ட் என்கிறார்கள். ஷாக் அடிக்காதா? கீச்சென்ற சத்தம் எதனால்?

பேட்டரி மின்சாரத்தை மாறுமின்னழுத்தமாக்கும் சின்ன இன்வெர்ட்டர் கொடுப்பது 100 வோல்ட் அளவு, நொடிக்கு ஆயிரம் இரண்டாயிரம் அலை. மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் உறை கிழிந்த இடத்தைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கும். வெட்டிய நுனியில் கம்பிகள் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்து, சுடவைத்தால் சுருங்கும் டியூப் போட்டு மூடுங்கள். சத்தம் அந்த இன்வெர்ட்டரில் இருந்து வருகிறது. லைனிங்குக்குள் பஞ்சு வைத்த பையில் போட்டால் அடங்கும். ஒயர் நீளத்துக்கு ஏற்ற இன்வெர்ட்டர் வாங்கவேண்டும். 5 மீட்டருக்கானதில் 1 மீட்டர் மாட்டினால் அளவுக்கு மீறிப் பிரகாசமாகி, பூச்சு சீக்கிரம் செத்துப்போகும். சுருக்கென்று மடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறும், அதற்கு அப்புறம் உள்ள ஒயர் இருட்டு.

கைத்தறியில் ஒளியிழையை ஊடையாக (குறுக்கு நூலாக) போட்டு நெய்ய முடியுமா?

முடியும், ஆனால் தாரில் (ஊடை சுற்றும் சிறு குச்சியில்) சுற்றி நாடாவில் (ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டையில்) ஓட்டக்கூடாது. அக்ரிலிக் இழை சுருளை ஞாபகம் வைத்துக்கொள்ளும், சிறிய தாரில் சுற்றினால் வெடிக்கவும் செய்யும். தவிர, நாடா திரும்பும் கரையில் இழை கொண்டை ஊசிபோல் வளைகிறது. ஒளி அங்கேயே வெளியே கொட்டிவிடும், துணிக்குள் போகாது. 0.25 மி.மீ. இழையைத் துணி அகலத்தைவிட இருபக்கமும் 20 செ.மீ. கூடுதலாக வெட்டி, ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பாவு (நெடுக்கு நூல்) பாலியஸ்டரோ பருத்தியோ எதுவானாலும் சரி.

நெசவு அமைப்புதான் இதில் ருசியான விஷயம். இழை வளையும் இடத்தில்தான் ஒளி பக்கவாட்டில் கசிகிறது. சாதா நெசவில் ஒவ்வொரு பாவுக்கும் வளைவு உண்டு, அதனால் விளக்குக்குப் பக்கத்தில் பளிச்சென்றும் நடுவில் மங்கியும் இருக்கும். சாட்டின் நெசவில் வளைவு குறைவு, ஒளி தூரம் போகும். இரண்டு பக்கமும் விளக்கு வைப்பது நல்லது. அல்லது ஓரத்தில் சாட்டினாக ஆரம்பித்து நடுவில் வளைவை அதிகமாக்கலாம்.

கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, குழாயில் செருகி, பசை வைத்து, நுனியைப் புது பிளேடால் நேராக வெட்டி, நுண்ணிய உப்புத்தாளில் தேயுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் நுனி நசுங்கிப் பாதி ஒளி வீணாகும். இஸ்திரி கூடவே கூடாது. 70, 80 டிகிரியிலேயே இழை இளகிவிடும்.

துவைக்கலாமா?

பேட்டரியையும் கண்ட்ரோலரையும் கழற்றிவிட்டுக் கையால் அலசலாம். அதற்காக ஆரம்பத்திலேயே அவற்றை டிச் பட்டனில் மாட்டுங்கள், உலோக டிச் பட்டனே மின் இணைப்பாகவும் இருக்கும். பிளீச், கண்டிஷனர் வேண்டாம். பிழியக்கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகே மின்சாரம். ஈரத்தோடு ஓட்டினால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் உலோகம் அரித்து நகர ஆரம்பிக்கும்.

இரவில் பைக் ஓட்ட ரேடியம் ஜாக்கெட் நல்லதா, எல்.இ.டி. ஜாக்கெட் நல்லதா அண்ணா?

கடையில் ரேடியம் என்று சொல்வதில் ரேடியம் கிடையாது. பெரும்பாலும் அது ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் பட்டை. பேட்டரி வேண்டாம், நூறு இருநூறு மீட்டர் தள்ளியே தெரியும். அதைத்தான் முதலில் வாங்குங்கள். இருட்டில் தானாக மின்னும் பூச்சு சாலைக்கு உதவாது, சில நிமிடத்திலேயே மங்கிவிடும். ஹெட்லைட் படாத பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு எல்.இ.டி. பயன்படும், ஆனால் பட்டைக்குப் பதிலாக இல்லை, பட்டையோடு சேர்த்து.

பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன? துணியே திரையாகுமா?

ஆய்வுக்கூடத்தில் ஆகிவிட்டது. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு 2021இல் 6 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலத்தில் நெய்த திரையைக் காட்டியது. ஒளிரும் பூச்சு ஏற்றிய பாவும் ஒளி ஊடுருவும் கடத்தும் ஊடையும் குறுக்கிடும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு. மொத்தம் சுமார் 5 லட்சம் புள்ளி, இடைவெளி 0.8 மி.மீ. விளக்கைத் துணியில் வைக்காமல் நெசவின் முடிச்சையே விளக்காக்கியதுதான் இதன் சிறப்பு. சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்துக்காக 2009இல் செய்த கேலக்ஸி டிரெஸ்ஸில் 24,000 எல்.இ.டி. உண்டு, அது காட்சிப்பொருள்.

கடைக்கு வந்த பொருளில் கவனிக்கவேண்டியது கூகுளும் லீவைஸும் 2017இல் விற்ற ஜாக்கெட். ஒளிராது, மணிக்கட்டில் கடத்தும் நூல் நெய்திருக்கும், தடவினால் போனில் பாட்டு மாறும். துணி தாங்கியது, செயலிக்கான ஆதரவைத்தான் 2023இல் நிறுத்திவிட்டார்கள். அத்தோடு அது வெறும் ஜாக்கெட். ஆப் இல்லாமல் இயங்காத உடைக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

மஞ்சள் காமாலை வந்த பச்சைக் குழந்தைக்கு ஒளிரும் போர்வை என்கிறார்களே, நாமே செய்யலாமா?

செய்யாதீர்கள். தத்துவம் எளிமையானதுதான்: பெட்டியில் இருக்கும் விளக்கின் நீல ஒளியை ஒளியிழை போர்வைக்குக் கொண்டுவருகிறது, குழந்தை அருகில் மின்சாரமோ சூடோ கிடையாது. ஆனால் காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பிலிருபினை மாற்றுவது 460 நானோமீட்டர் பக்கத்தில் உள்ள ஒளி. அதை எவ்வளவு செறிவில், எத்தனை மணி நேரம் என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். நீலமாகத் தெரியும் எல்.இ.டி. எல்லாம் அந்த அலைநீளம் இல்லை.

உடைகளோடு விமானத்தில் போகிறோம். பேட்டரி?

பவர் பேங்கும் தனி லித்தியம் செல்லும் கைப்பையில் மட்டும், 100 வாட்-மணிக்குள். 20000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. வாட்-மணி அச்சிடாத மலிவான பொட்டலத்தைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். தனி செல்களின் முனையில் டேப் ஒட்டுங்கள். ஒயர் தொங்கும் உடையைப் போட்டுக்கொண்டு சோதனைக்குப் போகாதீர்கள், மடித்துப் பெட்டியில் வையுங்கள்.