கடையில் சின்னதாகத் தெரிந்தது, வீட்டுக்கு வந்ததும் பெரிதாகிவிட்டது: அளவு பற்றிய கேள்வி பதில்

கோவையில் இருபது வருடமாக வீட்டு அலங்காரமும் தோட்ட வேலையும் செய்து வருகிறேன். இந்த முறை அளவைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, பொருளை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகு கேட்டவை. மனசு கஷ்டமாக இருந்தது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் அளவைக் கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். கடைக்குக் கூரை உயரம், சுற்றிலும் இடம், பக்கத்தில் இன்னும் பெரிய பொருட்கள். அங்கே எதைப் பார்த்தாலும் சின்னதாகத்தான் தெரியும். அளவை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்குள் என்றால் பழைய நாளிதழை ஒட்டி அந்த அளவுக்கு வெட்டித் தரையில் போடுங்கள், சுவரில் ஒட்டுங்கள். தோட்டம் என்றால் கோலமாவால் கோடு போடுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றி நடமாடிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

கேள்வி (பல்லாவரம்): அக்கா, ஹாலில் 6 அடி சோபாவுக்கு மேலே ஒரு படம் மாட்டினோம். 12க்கு 18 அங்குலம். தபால்தலை ஒட்டியது மாதிரி இருக்கிறது. வேறு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம் தங்கச்சி, அதற்குத் துணை சேர்த்தால் போதும். சோபாவுக்கு மேலே வருவது அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். 6 அடி என்றால் 72 அங்குலம், அப்படியானால் 48 முதல் 54 அங்குலம் வரை. உங்களிடம் இருக்கும் அதே அளவில் இன்னும் மூன்று சட்டம் போட்டு, நான்கையும் நெட்டாக, பக்கம் பக்கமாக, நடுவில் இரண்டிரண்டு அங்குலம் விட்டு மாட்டுங்கள். நான்கு பன்னிரண்டு 48, இடைவெளி மூன்றுக்கு 6, மொத்தம் 54. நான்கும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். வீட்டில் பீரோவுக்குள் கிடக்கும் பழைய கல்யாணப் படங்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

உயரம்தான் எல்லோரும் தவறவிடுவது. நம் வீடுகளில் படத்தைக் கூரையை ஒட்டி மாட்டுகிற பழக்கம் இருக்கிறது. பூஜைப் படத்துக்கு அது சரி, அண்ணாந்து பார்க்கத்தானே வேண்டும். மற்ற படங்களுக்கு நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம் அளவில் இருக்கட்டும். நின்று பார்ப்பவரின் கண் மட்டம் ஏறக்குறைய அதுதான். சோபாவுக்கு மேலே வரும் படத்துக்கு மட்டும் இந்த 57ஐப் பார்க்காமல், சோபா முதுகுக்கும் படத்தின் அடிக்கும் நடுவே 6 முதல் 8 அங்குலம் விட்டால் போதும். ஒரு அடிக்கு மேல் போனால் படம் தனியாக, சோபா தனியாக நிற்கும்.

கேள்வி (திருச்சி): 65 இன்ச் டிவி, 5 அடி டிவி யூனிட். உட்காருமா மேடம்?

பதில்: உட்காரும், ஆனால் நெருக்கிப் பிடித்தது மாதிரி இருக்கும். 65 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 57 அங்குலத்தை ஒட்டி வரும், உங்கள் யூனிட் 60. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்தான் மிச்சம். 6 அடி யூனிட் பாருங்கள். உட்காரும் இடம் டிவியிலிருந்து 8 அடியாவது தள்ளி இருந்தால் 65 சரி. 6 அடிதான் என்றால் 50க்கு மேல் போக வேண்டாம்.

கேள்வி (காரைக்குடி): அம்மாவுக்கு ஊஞ்சல் ஆசை. ஹால் 11 அடி அகலம், 18 அடி நீளம். ஆசாரி 5 அடிக்கு 2 அடிப் பலகை சொல்கிறார். இடம் போதாது, 4 அடிப் பலகையாகப் போடலாம் என்கிறார் கணவர். எது சரி அக்கா?

பதில்: அம்மாவின் ஆசை கட்டாயம் நிறைவேற வேண்டும், நிறைவேற வழியும் இருக்கிறது. பலகையின் நீளத்தைக் குறைத்தால் இடம் மிச்சமாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஊஞ்சல் இடம் கேட்பது முன்னும் பின்னும். நீளத்தில் ஒரு அடி குறைத்தால் பக்கவாட்டில்தான் ஒரு அடி கிடைக்கும், ஆட்டத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். கொக்கியிலிருந்து பலகை வரை சங்கிலி 8 அடி என்று வைப்போம். வீட்டுக்குள் மெதுவாக ஆடினாலே பலகை நடுவிலிருந்து முன்னே 2 அடி, பின்னே 2 அடி போகும். பலகையின் பாதி அகலம் இரு பக்கமும் ஒரு அடி. முன்னே நீட்டிய கால் ஒன்றரை அடி. ஆக நடுப்புள்ளியிலிருந்து முன்பக்கம் நாலரை அடி, பின்பக்கம் 3 அடி. சுவரில் இடிக்காமல் இருக்க இருபுறமும் அரை அடி சேர்த்தால் எட்டரை அடி. 11 அடி அகலத்தில் இது அடங்கும், ஆனால் ஊஞ்சல் ஆடும்போது யாரும் தாண்டிப் போக முடியாது. அதனால் அதைத் திருப்புங்கள். 18 அடி நீளவாக்கில் ஆடட்டும். அகலத்தில் பலகைக்கு 5 அடி போக 6 அடி மிச்சம். ஒரு ஓரமாகத் தள்ளிப் போட்டால் மறுபக்கம் தாராளமாக நடக்கலாம்.

உட்காரும் உயரம் மெத்தையோடு சேர்த்து 18 அங்குலம். மெத்தை 3 அங்குலம் என்றால் பலகையை 15இல் கட்டச் சொல்லுங்கள். அம்மாவின் பாதம் தரையில் முழுதாகப் படிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பூட்ட வேண்டும். கால் தொங்கினால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகும், எழும்போது தடுமாறும். கொக்கி, கான்கிரீட் போட்டபோதே கம்பியோடு கட்டியதா, பிறகு துளை போட்டுச் செருகியதா என்று ஒரு பொறியாளரைக் கேட்டுவிடுங்கள். இதில் அரைகுறை வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): ரெடிமேட் திரைச்சீலை 5 அடி, 7 அடி, 9 அடிதான் கிடைக்கிறது. படுக்கையறை ஜன்னல் 4க்கு 4, அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடி. எது வாங்க?

பதில்: ஜன்னலுக்குக் கீழே கட்டில் இருந்தால் 5 அடி. தரை வரை தொங்க வேண்டுமென்றால் 9 அடி வாங்கி மடித்துத் தையுங்கள். கம்பி ஜன்னலுக்கு 4 அங்குலம் மேலே வரும், அங்கிருந்து 7 அடித் திரை தொங்கினால் தரைக்கு 4 அங்குலம் மேலேயே நின்றுவிடும், பார்க்க நன்றாக இருக்காது. கம்பி ஜன்னலைவிட இருபுறமும் அரை அடி நீளமாக இருக்கட்டும். துணி கம்பியைப் போல் இரண்டு மடங்கு அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும். 5 அடிக் கம்பிக்கு 4 அடி அகலத் திரை மூன்று.

கேள்வி (சேலம்): சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு எவ்வளவு பெரிசு?

பதில்: மேஜை அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை. மேஜைக்கு மேலே 30 அங்குலத்தில் தொங்கட்டும். ஆனால் அதே இடத்தில் மின்விசிறி இருந்தால் விளக்கே வேண்டாம். சாப்பிட்டு முடிக்கும் வரை ஆடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (மதுரை): மொட்டைமாடியில் 4 அடிக்கு 3 அடி, ஒன்றரை அடி ஆழத்தில் அல்லித் தொட்டி கட்டலாமா? மாடி பெரிசு, அளவு பொருத்தமாகத்தான் தெரிகிறது.

பதில்: கண்ணுக்குப் பொருத்தம்தான், ஆனால் கூரைக்கு இல்லை தம்பி. இந்தத் தொட்டி 18 கன அடி. ஒரு கன அடியில் 28 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 500 கிலோவைத் தாண்டுகிறது, சுவர், மண், அல்லிக் கிழங்கு எல்லாம் தனி. நாம் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் அது 450 கிலோவுக்கு மேல் வருகிறது, மூன்று மடங்கு. ஒரு அடித் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 300 கிலோ என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அல்லி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2 அடி விட்டமுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு அடித் தண்ணீர், கிட்டத்தட்ட 90 லிட்டர். அதை மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் ஓரத்தில் வையுங்கள். குட்டை ரக அல்லி அதில் அழகாகப் பூக்கும். இரண்டு தொட்டி வேண்டுமென்றால் எதிரெதிர் ஓரத்தில். நான்கு கப்பி மீன் விட்டால் கொசுப்புழு தங்காது. கட்டடம் பழசு என்றால் இதற்கும் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): வாசல் தோட்டத்தில் 2 அடிப் பிள்ளையார் வைக்க எண்ணம். வேலி வரை 15 அடி. சின்னதாகத் தெரிவாரா?

பதில்: வெளியே எந்தப் பொருளும் சுருங்கித் தெரியும், மேலே வானம் இருக்கிறதே. ஹாலில் பெரிதாகத் தெரிந்த சிலை மரத்தடியில் குழந்தையாகிவிடும். ஆனால் பிள்ளையார் விஷயம் கொஞ்சம் வேறு. சிற்பிகள் முக நீளத்தைத் தாலம் என்று வைத்து உருவத்தை அளப்பார்கள். பெருந்தெய்வங்களுக்குத் தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். ஐந்து முக உயரத்துக்குள் அவ்வளவு பெரிய தலை, தொந்தி. அதனால் 2 அடிப் பிள்ளையார், 2 அடிக் கிருஷ்ணரைவிட நிறைவாகத் தெரிவார். தாராளமாக வையுங்கள்.

பீடத்தை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையில் 133 அடிக்கு 38 அடிதான் பீடம், அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்காக. 95 அடிச் சிலைக்கு அது போதும். சின்னச் சிலைக்கு உயரம் கொடுப்பதே பீடம்தான். உங்கள் பிள்ளையாருக்கு இரண்டு முதல் இரண்டரை அடி. குனியாமல் அருகம்புல் சாத்த முடிகிற உயரம். பின்னால் இட்லிப்பூவோ நந்தியாவட்டையோ அடர்த்தியாக வையுங்கள், கருங்கல் எடுத்துக் காட்டும்.

கேள்வி (பொள்ளாச்சி): 4 அடி அகலத் தொட்டியில் செயற்கை நீரூற்று. தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்பலாம் சார்?

பதில்: (அக்காதான் பேசுகிறேன்!) தொட்டி அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அமைதியான இடத்தில் 2 அடி. ஆனால் நீங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும் பாதையில் இருக்கிறீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் வீட்டு முற்றத்தில் 3 அடித் தொட்டி வைத்து 3 அடிக்குப் பீய்ச்சவிட்டேன். பங்குனியில் எல்லோரும் வந்து பார்த்து ரசித்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தண்ணீர் என்ன செய்யும்? முழுக்கச் சுவரில் அடித்தது. ஒரு நாள் மாலைக்குள் தொட்டி வற்றி, மோட்டார் சூடேறிக் கருகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி உலர்த்தியிருந்த வடகமும் நனைந்துபோனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு ஒரு அடி போதும். அதைவிட, பழைய ஆட்டுக்கல்லின் குழியிலிருந்து தண்ணீர் பொங்கி வழிகிற மாதிரி செய்தால் காற்றுக்குப் பயமே இல்லை, சத்தமும் இதமாக இருக்கும்.

கேள்வி (ஓசூர்): கேட்டுக்கு இரு பக்கமும் ராயல் பாம். நர்சரியில் 3 அடிதான் இருக்கிறது. முன்னால் இடம் 10 அடி.

பதில்: வேண்டாம். வளர்ந்தால் 50 அடியைத் தாண்டும், ஒரு மட்டையே 10 அடிக்கு மேல். அது கழன்று விழும்போது கீழே குழந்தையோ வண்டியோ நிற்கக் கூடாது. செடியை நர்சரிப் பையில் இருக்கும் அளவால் பார்க்காமல், பத்து வருடத்துக்குப் பிறகு என்ன அளவு என்று கேட்டு வாங்குங்கள். 10 அடி இடத்துக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ போதும்.

கேள்வி (நாகர்கோவில்): புல்தரையில் நடக்கக் கல் பதிக்கிறோம். கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் அக்கா? பாதை அகலம்?

பதில்: ஒருவர் நடக்க 3 அடி, இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்க 5 அடி. தனித்தனிக் கல் என்றால் ஒவ்வொன்றும் ஒன்றே கால் அடி அகலமாவது இருக்கட்டும், பாதம் முழுதாகப் படிய வேண்டும். நடுவுக்கு நடு 2 அடி என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அது நீட்டி நடப்பவர்களின் கணக்கு. கல் பதிக்கும் முன் அந்த இடத்தில் மணலைப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். வீட்டில் தினமும் அதில் நடக்கப் போவது யார்? காலையில் பூப்பறிக்கப் போகிற அம்மாவா? அவரைச் சேலையோடு, கையில் கூடையோடு, வழக்கம்போல நடந்து போகச் சொல்லுங்கள். பதிந்த சுவட்டின் மேலேயே கல்லை வையுங்கள்.