பார்வையாளர் எடுத்த சீட்டைக் கலைக்கும்போதே நினைத்த இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: பார்வையாளர் எடுத்துப் பார்த்த சீட்டைக் கட்டில் வைத்த பிறகு, ஓவர்ஹேண்ட் முறையில் (ஒரு கையில் பிடித்த கட்டிலிருந்து சிறுசிறு கற்றையாக மறு கையில் விழவிட்டு) கலைத்து அதை மேலே கொண்டுவரப் பழகியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது சரியாக வருகிறது. நாலு பேர் முன்னால் செய்தால் கை தடுமாறுகிறது. “அந்தச் சீட்டை எங்கேயோ பிடிச்சு வச்சிருக்கே” என்று சொல்லிவிடுகிறார்கள். மேலே மட்டுமல்லாமல் ஐந்தாவது, பத்தாவது என்று நினைத்த இடத்திலும் வைக்க ஆசை. அதற்கு, சீட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும் ஃபேரோ முறையைக் கற்றே ஆக வேண்டுமா? “கொடு, நானே கலைக்கிறேன்” என்று கையை நீட்டுகிறவரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: ஃபேரோ இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் ஓவர்ஹேண்டிலேயே செய்யலாம். உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருப்பதாகப் படுகிறது. சும்மா கலைக்கும்போது உங்கள் கை ஒரு மாதிரி ஓடுகிறது, சீட்டைக் கட்டுப்படுத்தும்போது வேறு மாதிரி ஓடுகிறது. முறை தெரியாத பார்வையாளருக்கும் அந்த மாற்றம் தெரிந்துவிடும். என்ன செய்தீர்கள் என்று அவரால் சொல்ல முடியாது, ஏதோ செய்தீர்கள் என்று மட்டும் சொல்வார். உங்களுக்கு நடப்பது அதுதான்.

ஆகவே முதல் வேலை, எந்தத் தந்திரமும் இல்லாமல் நீங்கள் சாதாரணமாகக் கலைப்பதைப் போனில் படம்பிடித்துப் பார்ப்பது. எவ்வளவு வேகம், ஒரு தடவைக்கு எத்தனை சீட்டுகள் விழுகின்றன, கண் எங்கே இருக்கிறது, தோள் அசைகிறதா என்று கவனியுங்கள். பிறகு சீட்டைக் கட்டுப்படுத்திக் கலைப்பதையும் பிடித்து இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வித்தியாசங்கள் தென்படும். முக்கியமான கணத்தில் வேகம் குறையும், தலை குனியும், பேச்சு நின்றுவிடும்.

இப்போது முறையைப் பார்ப்போம். வலது கை கட்டின் கீழ்ப்பாதியை எடுக்கிறது. இடது கையில் இருக்கும் மேல்பாதியின் மேல் பார்வையாளர் தன் சீட்டை வைக்கிறார். அடுத்து வலது கையிலிருந்து ஒரே ஒரு சீட்டை இடது கட்டைவிரல் உருவும்போது, வலது கை உங்கள் உடம்புப் பக்கம் துளி நகர வேண்டும். அந்தச் சீட்டு உங்கள் பக்கமாக அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு விழும். இதுதான் இன்ஜாக். உடனே வலது கை பழைய இடத்துக்கு வந்துவிட, மீதிச் சீட்டுகள் சிறுசிறு கற்றையாக அதன்மேல் விழுகின்றன. இந்த மீதியை நேர்த்தியாக அடுக்க வேண்டாம். முன்னும் பின்னுமாகக் கலைந்து விழட்டும். பத்துச் சீட்டுகள் தாறுமாறாக நிற்கும்போது பதினோராவதாக நீட்டி நிற்பது எது என்று யார் கண்ணுக்கும் படாது. மற்ற சீட்டுகள் ஒழுங்காக இருப்பதால்தான் பலருடைய இன்ஜாக் காட்டிக்கொடுக்கிறது.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நீட்டிய சீட்டுக்குக் கீழே இருப்பதை உருவி, நேராக மேலே போட்டுவிடுகிறார்கள். சீட்டு மேலே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது பார்ப்பதற்கு ஒரே வெட்டு போல இருக்கும், சந்தேகமும் அங்கேதான் பிறக்கும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. வலது கை முழுக் கட்டையும் மறுபடி எடுக்கும்போது, கட்டைவிரல் நுனியால் நீட்டிய சீட்டை லேசாக மேல்நோக்கி அழுத்துங்கள். அதற்கும் கீழே உள்ளவற்றுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். அந்தப் பிரேக்கைக் கட்டைவிரலிலேயே பிடித்துக்கொண்டு, வழக்கம்போல மேலிருந்து கற்றை கற்றையாகக் கலையுங்கள். பிரேக் வரை வந்ததும் கையில் மிச்சம் இருப்பதை மொத்தமாக மேலே போட்டுவிடுங்கள். அந்த மிச்சத்தின் முதல் சீட்டுதான் பார்வையாளருடையது. இரண்டு தடவை முழுசாகக் கலைத்தது போலத் தெரியும், வெட்டிய மாதிரியே இருக்காது.

பிரேக்கைக் கண்ணால் தேடாதீர்கள். கட்டைவிரல் தடவித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது. பழகும்போது மட்டும் அந்தச் சீட்டை முகம் மேலே தெரியும்படி திருப்பி வைத்துச் செய்யுங்கள். எந்தத் தவறில் அது எங்கே போகிறது என்று உடனே புரியும். அப்புறம் கட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் செய்யுங்கள். கடைசியாகப் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜாக் விழும் கணத்தில் பார்வையாளரின் முகத்தைப் பார்த்து, “சீட்டை மறக்க மாட்டீங்களே?” என்பது போல அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் கண் உங்கள் கண்ணுக்கு வரும், கைக்குப் போகாது. யாரையும் உங்களுக்குப் பின்னாலோ தோளை ஒட்டியோ நிற்க விடாதீர்கள். இன்ஜாக் உடம்புப் பக்கம் நீட்டி நிற்பதால் அங்கிருந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சீட்டும் முக்கியம். பிசுக்கு ஏறிய பழைய கட்டு ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாக வரும். வழவழப்பான பிளாஸ்டிக் சீட்டு பிடி நிற்காமல் நழுவும். ஓரளவு பழகிய காகிதச் சீட்டுதான் கைக்குச் சொன்னபடி கேட்கும். கை சிறியது என்றால் அகலம் குறைந்த பிரிட்ஜ் அளவை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நினைத்த இடத்தில் வைப்பது இதன் நீட்சிதான். சீட்டு இப்போது மேலே இருக்கிறது, ஐந்தாவதாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பாதியை வலது கையில் எடுத்து, நான்கு சீட்டுகளை ஒவ்வொன்றாக இடது கைக் கட்டின் மேல் உருவுங்கள். அடுத்ததை இன்ஜாக் ஆக்கி, மீதியைக் கலைத்துப் போடுங்கள். முன்போலவே பிரேக் பிடித்து, அதுவரை கலைத்து, மிச்சத்தை மேலே போட்டால் உங்கள் சீட்டுக்கு மேல் சரியாக நான்கு சீட்டுகள் இருக்கும். பத்தாவது வேண்டுமென்றால் ஒன்பதையும் ஒரே மூச்சில் உருவாதீர்கள். ஒற்றைச் சீட்டாக நீளமாக ஓடினால் எண்ணுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். முதல் சுற்றில் நான்கு, அடுத்த சுற்றில் ஐந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீங்கள் சும்மா கலைக்கும்போதும் நடுநடுவே சில சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அப்போதுதான் எண்ணி உருவுவது புதிதாகத் தெரியாது.

ரிஃபிள் (கட்டை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் ஓரங்களையும் விரலால் விடுவித்து ஒன்றுக்குள் ஒன்று விழும்படி கலைப்பது) தெரிந்தால் அதையும் கூடச் சேர்க்கலாம். மேல்பாதி எந்தக் கையில் இருக்கிறதோ, அந்தக் கையின் மேல் சீட்டைக் கடைசியாக விழவிட்டால் அது மேலேயே தங்கும். மாறாக, மற்றக் கையிலிருந்து மூன்று சீட்டுகளைக் கடைசியில் விழவிட்டால் உங்கள் சீட்டு நான்காவதாகிவிடும். ஓவர்ஹேண்டில் கட்டுப்படுத்திவிட்டு ரிஃபிளில் ஒரு தடவை கலைத்துக் காட்டினால் நம்பிக்கை பல மடங்கு ஏறும். ஒரு தடவை ரிஃபிள் செய்தாலே எல்லாம் கலந்துவிட்டது என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைக்கிறார்கள். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 52 சீட்டுகள் நன்றாகக் கலக்க ஏறக்குறைய ஏழு ரிஃபிள் தேவை. ஓவர்ஹேண்டில் சீட்டுகள் கற்றை கற்றையாகவே நகர்வதால் அதைவிட மிகப் பல தடவைகள் வேண்டும். நாம் செய்யும் வேலை எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஃபேரோ உண்மையில் அழகான விஷயம். கட்டைச் சரியாக 26, 26 என்று பிரித்து, சீட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்பது. மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி கோத்தால் அவுட்-ஃபேரோ. அப்படி எட்டு தடவை செய்தால் 52 சீட்டுகளும் தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். மேல் சீட்டு இரண்டாவதாகப் போகும்படி கோத்தால் இன்-ஃபேரோ. இவை இரண்டையும் வைத்து மேல் சீட்டை எந்த இடத்துக்கும் அனுப்பலாம் என்பதற்கு அலெக்ஸ் எல்ம்ஸ்லி என்ற மேஜிக் கலைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். உங்கள் சீட்டுக்கு மேல் எத்தனை சீட்டு வேண்டுமோ அந்த எண்ணை இரும எண்ணாக எழுதி, இடமிருந்து வலமாக 1 வந்தால் இன், 0 வந்தால் அவுட் என்று கலைக்க வேண்டும். ஆறு சீட்டு வேண்டுமென்றால் 110, அதாவது இன், இன், அவுட். சீட்டு ஏழாவதாக வந்து நிற்கும். ஆனால் ஒரு சீட்டு பிசகினால் கணக்கு மொத்தமும் போய்விடும். ஆட்கள் முன்னால் கை நடுங்குகிற கட்டத்தில் இருக்கிறவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓவர்ஹேண்ட் கண்ணை மூடிக்கொண்டு வந்த பிறகு தொடங்குங்கள்.

கையை நீட்டிக் கேட்பவருக்கு வருவோம். சீட்டை எடுக்கச் சொல்வதற்கு முன்பே கட்டைக் கொடுத்து நன்றாகக் கலைக்கச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். பிறகும் கேட்டால் மறுக்காதீர்கள். மறுத்தால் அவர் நினைத்ததை நீங்களே உறுதிசெய்கிறீர்கள். சீட்டு மேலே இருக்கும்போது இன்னும் ஒரு தடவை கலைக்கிற சாக்கில், முதலில் அதை மட்டும் இடது கையில் உருவி, மீதியை அதன்மேல் போடுங்கள். சீட்டு அடிக்குப் போய்விடும். கட்டை நிமிர்த்தி ஓரத்தைத் தட்டிச் சரிசெய்யும்போது அடிச்சீட்டின் மூலையை ஒரு கணம் பார்த்துக்கொள்ளுங்கள். அது என்ன சீட்டு என்று தெரிந்த பிறகு கட்டைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம், அவர் விரும்பும்வரை கலைக்கட்டும். திரும்பி வந்ததும் முகம் உங்கள் பக்கம் இருக்கும்படி விரித்து, “ஜோக்கரை எடுத்துடறேன்” என்று தேடுங்கள். ஜோக்கரை வெளியே எடுக்கிற சமயத்தில் அவருடைய சீட்டுக்கு மேல் இருப்பவற்றைப் பிரித்து அடிக்கு மாற்றினால் அது மறுபடி மேலே வந்துவிடும். இதற்காகவே கட்டில் ஒரு ஜோக்கரை எடுக்காமல் விட்டு வையுங்கள்.