பாட்டுக்குக் கதை தேடிய படம்

கேள்வி: எல்லோரும் புகழக் கேட்டு, 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பாட்டுகளைச் செருகுவதற்காகவே ஒரு கதையை ஒட்டவைத்திருக்கிறார்கள். நம் படங்கள் இதைச் செய்தால் கேலி செய்யும் அறிவாளிகள், வெள்ளைக்காரன் செய்தால் காவியம் என்று கொண்டாடுவது அடிமைப் புத்தி அல்லவா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் குற்றச்சாட்டின் முதல் பாதி, நீங்கள் நினைப்பதைவிடவும் உண்மை. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். படநிறுவனத்தில் இசைப்படங்களைத் தயாரித்துவந்த ஆர்தர் ஃப்ரீட், அதற்கு முன் பாடலாசிரியராக இருந்தவர். நேசியோ ஹெர்ப் பிரவுனின் இசையில் தாம் எழுதிய பழைய பாட்டுகளை ஒரே படத்தில் கோத்துவிட ஆசைப்பட்டு, பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற இரட்டை எழுத்தாளர்களிடம் அந்தப் பாட்டு மூட்டையைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். 1952இல் வெளிவந்த இந்தப் படத்தின் தலைப்புப் பாட்டே 1929இல் வேறொரு படத்தில் வந்ததுதான். ஆகவே நீங்கள் கண்டுபிடித்த ரகசியத்தை எடுத்தவர்கள் ஒளித்துவைக்கவே இல்லை.

நீங்கள் கவனிக்கத் தவறியது, அந்த இருவரும் மூட்டையை எப்படி அவிழ்த்தார்கள் என்பதை. பாட்டுகளில் பெரும்பாலானவை ஊமைப்படம் வாய்திறந்து பேசத் தொடங்கிய காலத்தவை என்பதால், அந்தக் காலத்தையே அவர்கள் கதையாக்கிக்கொண்டார்கள். 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' என்ற பேசும்படம் ஓடு ஓடென்று ஓட, பாதி எடுத்த ஊமைப்படத்தை அவசர அவசரமாகப் பேசும்படமாக மாற்ற வேண்டிய நெருக்கடி ஒரு ஸ்டூடியோவுக்கு வருகிறது. அதன் நட்சத்திர நாயகி லினாவுக்கோ தகரத்தில் ஆணியால் கீறியது போன்ற குரல். மைக்கைச் செடிக்குள் ஒளித்துவைத்தால், அவள் முகத்தைத் திருப்பும் போதெல்லாம் வசனம் பாதி காணாமல் போகிறது. சரி, உடைக்குள் வைத்துத் தைப்போம் என்று தைத்தால், அவளுடைய இதயத் துடிப்பு பதிவாகிறது. அந்த மைக்கின் ஒயர் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, யார் இதை இங்கே போட்டது என்று முதலாளி வெடுக்கென்று இழுக்க, மறுமுனையில் நாயகி தலைகுப்புற விழுகிறாள். இதெல்லாம் பாட்டைச் செருக இடம் தேடியவர்கள் எழுதிய காட்சிகளாகவா உங்களுக்குத் தெரிகின்றன?

லினாவுக்குக் குரல் கொடுக்க கேத்தி என்ற பெண்ணைக் கூட்டிவருகிறார்கள். கடைசியில் திரையை விலக்கி, பாடுவது யார் என்று ஊருக்கே காட்டுகிறது படம். வேடிக்கை என்னவென்றால், கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் லினாவுக்காகப் பாடும் பாட்டைப் படத்துக்காகப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்ற வேறொரு பாடகி. அதே கேத்தி லினாவுக்காகப் பேசும் வசனத்தில் நாம் கேட்பதோ, லினாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! இரவல் குரலை அம்பலப்படுத்தும் கதைக்குள்ளேயே இரண்டு இரவல் குரல்கள். பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மழைப் பாட்டுக்கு வருவோம். காதலியை வாசலில் விட்டுவிட்டு, காத்திருக்கும் காரை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, படத்தின் நாயகன் ஜீன் கெல்லி குடையோடு நடக்கிறார். முதலில் வெறும் முணுமுணுப்பு. பிறகு நடையே கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்துக்கு வருகிறது. குடையை மடக்குகிறார், விளக்குக் கம்பத்தில் தாவி ஏறுகிறார், கூரைக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொள்கிறார். கடைசியில் தெருவோரத் தண்ணீரில் பள்ளிக்கூடப் பையனைப் போலக் குதிக்கும்போது, போலீஸ்காரர் வந்து முறைத்தபடி நிற்க, அசடு வழிய நழுவுகிறார். எந்த இடத்தில் நடை முடிந்து நடனம் தொடங்கியது என்று உங்களால் சுட்டிக்காட்ட முடியுமானால், பாட்டு செருகப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை எடுத்தபோது கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்பது உபரித் தகவல். படத்தில் அது தெரியாது.

அடிமைப் புத்தி பற்றி: படம் வந்த காலத்தில் அதற்குக் கிடைத்தவை இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள்; விருது ஒன்றுகூட இல்லை. காவியப் பட்டமெல்லாம் பின்னால் வந்ததுதான். வெள்ளைக்காரனே உடனே கொண்டாடிவிடாத படத்தைக் கொண்டாடுவதில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது? நம் படங்களில் பாட்டு வருவதை நானும் கேலி செய்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர் கண் இமைப்பதற்குள் சுவிட்சர்லாந்துப் பனியில் நிற்பதைத்தான் கேலி செய்திருக்கிறேன், இனியும் செய்வேன்.

ஒரே ஓர் இடத்தில் உங்கள் கட்சிக்கு வருகிறேன். முந்தைய ஆண்டு 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' படத்தின் நீண்ட பாலே நடனம் பெற்ற வரவேற்பைப் பார்த்து, இதிலும் படத்தின் பின்பகுதியில் நியூயார்க்கின் நாடக அரங்கத் தெருவான பிராட்வேயைப் பற்றிய ஒரு நீண்ட நடனத்தை வைத்தார்கள். அது சுத்தமான செருகல்தான். கதை அங்கே அப்படியே நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து காபி போடப் போயிருந்தால் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பச்சை உடையில் வரும் நடனக்காரி சிட் சாரிஸ், நீட்டிய கால் நுனியில் கெல்லியின் தொப்பியை ஏந்தி நிற்பதற்குள் திரும்பி வந்திருக்க வேண்டும்.